பொய்யடித் தட்டும் பன்னாடையும்

ஓட்டை போட்ட ஒரு வட்டத் தகட்டைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. வீட்டில் பியர் காய்ச்சுகிறவர்கள் தங்கள் ஊறல் பானையின் அடியில் வைக்கிற தகடு அது. ஆங்கிலத்தில் ‘ஃபோல்ஸ் பொட்டம்’ என்பார்கள். நாங்கள் பொய்யடித் தட்டு என்று எழுதுகிறோம். பானையின் உண்மையான அடிக்கு ஓரிரு விரல் மேலே, இது இன்னொரு அடியாக நிற்கும். தானியம் தட்டுக்கு மேலே தங்கும், சாறு கீழே இறங்கும். அவ்வளவுதான் சங்கதி.

இதைப் பற்றி எழுதப்போகிறோம் என்று சொன்னவுடனேயே எங்களுக்கு இரண்டு பதில்கள் வந்தன. “உது குடிகாரற்ற வேலை, உங்களுக்கேன் தேவையில்லாத கதை?” என்பது ஒன்று. “உது வெள்ளைக்காரற்ற பொழுதுபோக்கு, எங்கட சனத்துக்கு என்னத்துக்கு?” என்பது மற்றது. முதலாவதைச் சொன்னவர்கள் ஒழுக்கத்தின் பக்கம் நின்று சொன்னார்கள். இரண்டாவதைச் சொன்னவர்கள் அரசியலின் பக்கம் நின்று சொன்னார்கள். எங்களுக்கு இரண்டும் ஒரே பதிலாகத்தான் கேட்டது: ஒரு பொருளை எப்படிச் செய்கிறது என்ற அறிவு உங்களுக்கு வேண்டாம், வாங்கிக் குடிக்கத் தெரிந்தால் போதும்.

இந்தப் பதிலோடு எங்களுக்கு உடன்பாடில்லை. ஒரு ஓட்டைத் தகட்டின் அறிவுக்குக் கடை ஒரு பூட்டுப் போட்டிருக்கிறது, சட்டம் ஒரு பூட்டுப் போட்டிருக்கிறது, எங்கட ஊரில் சாதியும் ஒரு பூட்டுப் போட்டிருக்கிறது. மூன்றையும் ஒன்றொன்றாகப் பார்ப்போம். அதற்கு முதல், தட்டு என்ன செய்கிறது என்று தெரியவேணும்.

தட்டின் வேலை

பார்லியை முளைக்கவிட்டு உலர்த்தினால் மோல்ட். எங்கட தேத்தண்ணிக் கடைகளில் மோல்ட் என்று கேட்டால் தருகிற பானத்தின் வாசம் இந்த முளைப் பார்லியின் வாசம்தான். அதை உமி சிதறாமல் நொறுக்கி, 65 முதல் 68 பாகை சுடுநீரில் ஒரு மணித்தியாலம் மூடி வைப்பார்கள். ஒரு கிலோ மோல்ட்டுக்கு இரண்டரை மூன்று லீற்றர் தண்ணீர். அந்தச் சூட்டில் பார்லிக்குள் இருக்கிற நொதியங்கள் மாச்சத்தைச் சீனியாக உடைக்கும். பிறகு அந்த இனிப்புச் சாறை மட்டும் வடித்தெடுக்க வேணும். காய்ச்சுவதும் மதுவம் போட்டு நொதிக்க விடுவதும் அதற்குப் பிறகு வருகிற வேலைகள்.

வடிக்கிற இடத்தில்தான் தட்டு வருகிறது. இதை விளங்கிக்கொள்ள எங்களுக்கு வெளிநாட்டுப் புத்தகம் தேவையில்லை. புட்டுக்குழலுக்குள் போடுகிற ஓட்டைச் சில்லை நினையுங்கோ. மா கீழே விழாது, ஆவி மேலே போகும். இங்கே தானியம் கீழே விழாது, சாறு கீழே போகும். திசை மட்டும்தான் மாறுகிறது.

பொருத்துகிற விதத்தையும் சொல்லிவிடுகிறோம். வீட்டில் காய்ச்சுகிறவர்கள் கூடுதலாகப் பாவிப்பது, விளையாட்டு மைதானங்களில் குடிதண்ணீர் வைக்கிற உருண்டையான பெரிய கூலரை. அதன் சுவர் சூட்டைப் பிடித்துவைக்கும். அடியில் இருக்கிற பிளாஸ்ரிக் பைப்பைக் கழற்றிவிட்டு, அந்தத் துவாரத்தில் உள்ளும் புறமும் சிலிக்கன் வளையம் வைத்து ஒரு வால்வைப் பூட்டுவார்கள். பச்சைத் தண்ணீர் விட்டு ஒழுகவில்லை என்று திருப்திப்படக் கூடாது. சூட்டுக்குப் பிளாஸ்ரிக் இளகும், பச்சைத் தண்ணீருக்கு ஒழுகாதது சுடுதண்ணீருக்கு ஒழுகும். ஆகவே சுடுதண்ணீரிலேயே சோதிக்க வேணும்.

தட்டு நடுவில் சற்று மேடாக இருக்கும். ஓட்டைகள் இரண்டு, இரண்டரை மில்லிமீற்றர் அளவில். நடுவில் ஒரு முழங்கை மூட்டு, அதிலிருந்து ஒரு குட்டை ரியூப் வால்வுக்குப் போகும். வாயில் பெரிய நுட்பமாகச் சொல்லப்படுகிற கஷ்டம் எல்லாம் உண்மையில் மூன்று இடத்தில்தான் வரும். ஒன்று, தட்டின் விளிம்பு. விளிம்புக்கும் பானைச் சுவருக்கும் இடையில் இடைவெளி இருந்தால் கிண்டும்போது தானியம் அதற்குள்ளால் இறங்கி வால்வை அடைக்கும். ஒரு சிலிக்கன் ரியூப்பை நீளவாக்கில் கீறி விளிம்பைச் சுற்றிக் கவ்வவிட்டால் அந்தக் கதை முடிந்தது. இரண்டாவது, தட்டு மிதந்து எழும்புவது. ரியூப் நீளமாகவும் இளக்கமாகவும் இருந்தால் வளைந்து தட்டைத் தூக்கும். குட்டையாக, விறைப்பாக வெட்டிப் போட்டால் அதுவே தட்டை அமத்திப் பிடிக்கும். மூன்றாவது, தட்டுக்குக் கீழே தேங்குகிற சாறு. ரியூப்பின் வாய் அடியைத் தொடுகிற அளவுக்குப் போகாவிட்டால் ஒரு லீற்றர், சிலவேளை இரண்டு லீற்றர் இனிப்பு அங்கேயே மிஞ்சும். மூட்டு வழியாகக் காற்று இழுத்தாலும் அதே நட்டம்தான். தண்ணீர் விட்டு ஒருமுறை வடித்து, மிஞ்சினதை அளந்து வைத்தால் கணக்குச் சரியாக வரும்.

பிறகு முதலில் தட்டு மூடுமளவுக்குச் சுடுநீர், அதற்குப் பிறகு தானியம். ஒரு மணித்தியாலம் கழிய வால்வை மெல்லத் திறக்க வேணும். முதல் வருகிற இரண்டு மூன்று லீற்றர் கலங்கித்தான் வரும். அதைத் திரும்ப மேலே, படுக்கை குழம்பாமல், மெதுவாக ஊற்ற வேணும். கொஞ்ச நேரத்தில் சாறு தெளியும்.

ஏன் தெளிகிறது? அதுதான் இந்தக் கட்டுரையில் எங்களுக்கு மிக முக்கியமான விசயம். வடிகட்டுவது தட்டு அல்ல. இரண்டரை மில்லிமீற்றர் ஓட்டைக்குள்ளால் மாவும் தூளும் தாராளமாகப் போகும். பார்லியின் உமிகள் ஒன்றன் மேல் ஒன்றாகப் படிந்து ஒரு படுக்கையாகி, அந்தப் படுக்கைதான் கலங்கலைப் பிடிக்கிறது. தட்டு அந்தப் படுக்கையைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது, வேறொன்றும் செய்வதில்லை. அவசரப்பட்டு வால்வை முழுக்கத் திறந்தால் உறிஞ்சலில் படுக்கை இறுகிப்போகும், ஒரு சொட்டும் வராது. அதற்குப் பிறகு எவ்வளவு விலையான தட்டு அடியில் கிடந்தாலும் பிரயோசனமில்லை.

கடையின் பூட்டு

உமி செய்கிற வேலையைத் தகடு செய்வதாகச் சொல்லித்தான் தகடு விற்கிறார்கள். எங்கட நண்பர்களில் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிறவர்கள் வீட்டில் பியர் காய்ச்சுகிறார்கள். அவர்கள் காட்டின விற்பனைப் பட்டியல்களைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. லேசரால் வெட்டினது, கண்ணாடிபோல் மினுக்கினது, கூடுதல் ஓட்டை உள்ளது, இன்னும் கூடுதல் ஓட்டை உள்ளது. நல்ல பியருக்கும் உங்களுக்கும் நடுவில் இந்தத் தகடுதான் குறையாகக் கிடக்கிறது என்கிற மாதிரி ஒரு பேச்சு.

ஆனால் இந்தக் கலை வளர்ந்த கதை வேறு. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் போல்டர் நகரத்தில் சார்லி பபாசியன் என்ற பள்ளிக்கூட ஆசிரியர் 1970களில் வீட்டுப் பியர் வகுப்பு நடத்தினார். 1984இல் வெளிவந்த அவருடைய கையேடு ஒரு தலைமுறைக்கே பாடப்புத்தகம். அவர் சொல்லிக்கொடுத்த வடிபாத்திரம் இரண்டு பிளாஸ்ரிக் வாளி. உள்வாளியின் அடியில் துளைக்கருவியால் நூற்றுக்கணக்கான சின்ன ஓட்டைகள். அதை மற்ற வாளிக்குள் இறக்கி வைத்தால் சரி. பொய்யடி என்பது அதுதான். 1976இல் கலிபோர்னியாவில் நியூ அல்பியன் என்ற சின்ன மதுவடிசாலையைத் தொடங்கிய ஜக் மக்கோலிஃப் பழைய பால்பண்ணைப் பாத்திரங்களை வெட்டி ஒட்டித்தான் தொடங்கினார். 1980இல் சியரா நெவாடாவைத் தொடங்கிய கென் குரோஸ்மனும் அப்படித்தான். பழம் இரும்புக் கடையிலும் வாளியிலும் தொடங்கின அறிவு இது.

அதற்கும் பின்னால் போங்கோ. பின்லாந்துக் கிராமங்களில் ‘சாஹ்தி’ காய்ச்சுகிறவர்கள் மரத்தைத் தோணிபோல் குடைந்து அதற்குள் வைக்கோலும் ஜுனிப்பர்க் கொப்பும் பரப்பி வடித்தார்கள். நோர்வேப் பண்ணை வீடுகளில் பானையின் அடியில் ஜுனிப்பர்க் கொப்பு அடுக்கினார்கள். தொழிற்சாலை வருவதற்கு முந்தின ஐரோப்பாவில் இந்த வேலையைப் பெரும்பாலும் பெண்கள்தான் செய்தார்கள். லேசர் இல்லை, மினுக்கல் இல்லை. உமி படுக்கவும் சாறு இறங்கவும் அடியில் ஒரு தாங்கல் வேணும், அது என்னவாக இருந்தாலும் பரவாயில்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 2000களில் அவுஸ்திரேலியக்காரர்கள் தட்டையே தூக்கிப் போட்டுவிட்டுத் துணிப் பையில் தானியத்தைக் கட்டி ஊறவைக்கத் தொடங்கினார்கள். அதிலும் நல்ல பியர் வருகிறது.

2016இல் உலகின் மிகப் பெரிய பியர் நிறுவனமான ஏபி இன்பெவ், தன்னுடைய ஒரு கிளை நிறுவனத்தின் மூலமாக அமெரிக்காவின் பெரிய வீட்டுப் பியர்ப் பொருள் கடையொன்றை வாங்கியது. பியர் விற்கிற கொம்பனிக்கு, சனம் வீட்டில் பியர் காய்ச்சுகிற சாமான்கள் மேல் ஏன் ஆசை? யாரும் தன் கையால் செய்யப் பழகினால், அந்தப் பழக்கத்தையும் ஒரு பட்டியலாக்கி விலை போட்டு விற்கலாம் என்பது அவர்களுக்கு விளங்கியிருக்கிறது. இதை முதலாளித்துவத்தின் சின்ன விளையாட்டு என்று சிரித்துவிட்டுப் போகலாம். நாங்கள் சிரிக்கவில்லை. இதே விளையாட்டைத்தான் விதைநெல்லிலும் பசளையிலும் எங்கட கமக்காரரோடு விளையாடினார்கள்.

ஒன்றை மட்டும் காசைப் பார்க்காமல் சொல்லவேணும். உலோகம் விசயத்தில் மலிவு பார்க்கக் கூடாது. நாகம் பூசின வலையையோ மை பூசின தகட்டையோ புளிப்புள்ள சுடுசாறில் போடக் கூடாது. சாப்பாட்டுப் பாத்திரம் செய்கிற சில்வர்தான் பாதுகாப்பு. இது கடைக்காரரின் விளம்பரம் இல்லை, உடம்பைப் பற்றின கதை.

சட்டத்தின் பூட்டு

“வெள்ளைக்காரற்ற பொழுதுபோக்கு” என்கிறவர்களுக்கு ஒரு வரலாற்றைச் சொல்ல வேணும். வெள்ளைக்காரனும் இந்த உரிமையை இலேசாகப் பெறவில்லை. பிரித்தானியாவில் 1880இல் கொண்டுவந்த சட்டத்துக்குப் பிறகு வீட்டில் பியர் காய்ச்ச அனுமதிப்பத்திரம் வேண்டியிருந்தது. 83 வருடம் கழித்து, 1963 வரவுசெலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் ரெஜினோல்ட் மோட்லிங் அந்த அனுமதிப்பத்திரத்தை நீக்கினார். அன்றிலிருந்து அங்கே யாரும் தன் வீட்டுக்கு எவ்வளவும் காய்ச்சலாம், விற்கத்தான் கூடாது.

அமெரிக்காவில் மதுவிலக்கு 1933இல் முடிந்தபோது வீட்டில் வைன் செய்ய இடம் கொடுத்தார்கள், பியரை விட்டுவிட்டார்கள். 1978 ஒக்ரோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட சட்டம் 1979 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த பிறகுதான் வளர்ந்த ஒருவருக்கு வருடம் 100 கலன், ஒரு வீட்டுக்கு 200 கலன் என்று அனுமதி வந்தது. மாநிலங்கள் அதற்குப் பிறகும் இழுத்தடித்தன. கடைசியாக மிசிசிப்பியும் அலபாமாவும் ஒத்துக்கொண்டது 2013இல். பபாசியன் வகுப்பு நடத்தின முதல் வருடங்களில் அந்த வகுப்பே சட்டத்துக்கு வெளியில்தான் இருந்தது.

அனுமதி வந்தபின் என்ன நடந்தது? 1970களின் முடிவில் முழு அமெரிக்காவிலும் 100க்கும் குறைவான மதுவடிசாலைகள்தான் இருந்தன. இண்டைக்கு 9000க்கு மேல். அவற்றில் கனபேர் வாளியும் கூலரும் வைத்து வீட்டில் பழகினவர்கள். சட்டம் திறந்தபோது அறிவு எங்கிருந்தோ இறங்கி வரவில்லை. ஏற்கெனவே சனத்தின் கையில் இருந்த அறிவு வெளியில் வந்தது.

இப்ப இலங்கைக்கு வருவோம். வீட்டுப் பியர் இங்கே ஏன் இல்லை என்று கேட்டால், எங்களிடம் பார்லி இல்லை என்பது பாதிப் பதில். மற்றப் பாதி 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம். அனுமதிப்பத்திரம் இல்லாமல் எந்த மதுசாரமும் தயாரிக்க முடியாது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் கள்ளுக்கு மரம் சீவவும் முடியாது. அதை எழுதினது காலனித்துவ அரசாங்கம், எழுதின நோக்கம் வருமானம். லண்டனில் இருந்த அதே அரசு 1963இல் தன்னுடைய வீடுகளுக்குப் போட்டிருந்த பூட்டைத் திறந்துவிட்டது. எங்களுக்குப் போட்ட பூட்டைச் சுதந்திரம் பெற்ற நாங்களே எழுபது வருடத்துக்கு மேல் எண்ணெய் போட்டுப் பாதுகாத்து வைத்திருக்கிறோம். திருத்தங்கள் பல வந்தன. வீட்டில் தனக்காகச் சிறிதளவு நொதிக்க வைக்கிறவரையும் விற்பனைக்கு வடிக்கிறவரையும் வேறுபடுத்திப் பார்க்க எந்த அரசுக்கும் மனம் வரவில்லை.

நுவரெலியாவின் குளிரில் வெள்ளைக்காரர் 19ஆம் நூற்றாண்டிலேயே பியர் காய்ச்சினார்கள். அது தொழில் எனப்பட்டது. பனைக்குக் கீழே முட்டியில் தானாகவே நொதித்து வருகிறதை, அனுமதிப்பத்திரம் இல்லாமல் இறக்கினால் அது குற்றம் எனப்பட்டது. இரண்டும் நொதித்த சீனித் தண்ணிதான். எது தொழில், எது குற்றம் என்று பிரித்தது மதுசாரத்தின் அளவு இல்லை, யார் செய்தார்கள் என்பதுதான்.

சாதியின் பூட்டு

சட்டத்தைத் திட்டிவிட்டு இதோடு நிறுத்தினால் இது அரைவாசிக் கட்டுரை. மிச்சம் எங்கட வீட்டுக்குள் இருக்கிறது.

பொய்யடித் தட்டு செய்கிற வேலையை எங்கட ஊரில் எது செய்தது? பன்னாடை. பனை, தென்னை மட்டையின் அடியில் வலைபோலப் பின்னிக் கிடக்கிற நார். கள்ளில் விழுந்த பூச்சியையும் பூந்துகளையும் அதில் வடித்துத்தான் பிளாவில் ஊற்றினார்கள். மரமே தருகிற வடிகட்டி. காசு இல்லை, லேசர் இல்லை, இறக்குமதி இல்லை. நோர்வேக்காரரின் ஜுனிப்பர்க் கொப்புக்கு எந்த விதத்திலும் குறையாத ஒரு கண்டுபிடிப்பு.

அந்தச் சொல்லை நாங்கள் என்ன செய்தோம்? வசைச் சொல்லாக்கினோம். “போடா பன்னாடை.” ஒன்றுக்கும் உதவாதவன், நல்லதை விட்டுவிட்டுக் கழிவைப் பிடித்து வைத்திருக்கிறவன் என்று அர்த்தம். இதற்கு இலக்கணப் பரம்பரையும் இருக்கு. நன்னூல் மாணவர்களை வகை பிரிக்கிற இடத்தில் நெய்யரியைக் கடைசி வகைக்கு உவமையாக வைக்கிறது. நெய்யைப் போகவிட்டுக் கசடைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் என்பதற்காக. வடிகட்டி தனக்காக வடிக்கவில்லை என்பதை இந்த உவமை கணக்கில் எடுக்கவே இல்லை. தெளிந்தது முழுக்க மற்றவருக்குப் போகிறது, கசடு மட்டும் அதனிடம் நிற்கிறது. தெளிந்ததை வாங்கிக் குடித்தவன் வடித்ததைப் பார்த்து ஏசுகிறான்.

சீவல் தொழிலாளிக்கும் யாழ்ப்பாணச் சமூகம் இதைத்தான் செய்தது. அவர் இறக்கின கள்ளு வேணும், கருப்பணி வேணும், பனங்கட்டி வேணும். அவர் கிணற்றில் அள்ளக் கூடாது, தேத்தண்ணிக் கடையில் சமமாக இருக்கக் கூடாது, கோயிலுக்குள் வரக் கூடாது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில் உள்ளே போக வேணும் என்று நின்ற சனத்தைத் தடுத்தவர்களின் வீடுகளில் பனம்பொருள் ஒன்றும் இருக்கவில்லையா? ஒரு மனிதரின் அறிவைத் தீட்டாக்கி, அந்த அறிவின் விளைவை மட்டும் சுத்தமாக வாங்கி வைத்துக்கொள்ளுகிற வித்தையில் நாங்கள் கெட்டிக்காரர்.

அதனால்தான் இந்தச் சீவல் அறிவு எழுத்தில் வரவில்லை. எந்த நேரம் பாளையைத் தட்டுவது, எவ்வளவு மெல்லிசாகச் சீவுவது, முட்டிக்குள் எவ்வளவு சுண்ணாம்பு பூசினால் நொதிக்காமல் கருப்பணியாக நிற்கும், எது பூசாவிட்டால் எத்தனை மணித்தியாலத்தில் புளிக்கும்: இதெல்லாம் நுண்ணுயிரியல்தான். பபாசியன் வாளியில் ஓட்டை போட்டதை ஆயிரக்கணக்கானோர் புத்தகமாகப் படித்தார்கள். எங்கட ஊரில் மரமேறி வாழ்ந்தவரின் அறிவு அவருடைய பிள்ளைக்குக்கூட வேண்டாத சுமையாகிப் போனது. பிள்ளையில் பிழையில்லை. அந்த அறிவோடு சேர்த்து அவமானத்தையும் கட்டிக் கொடுத்தால் யார்தான் வாங்குவார்?

இப்ப வேடிக்கையைப் பாருங்கோ. லண்டனில் இருக்கிற எங்கட அண்ணன்மார் வீட்டுக் கராஜில் சில்வர்த் தட்டுப் பொருத்திப் பியர் காய்ச்சிப் படம் போட்டால், அதே ஊர்ச் சனம் “கெட்டிக்காரன், விஞ்ஞான மூளை” என்று எழுதுகிறது. தவறணைக்குப் பக்கத்தால் போகும்போது மூக்கைப் பொத்தின அதே சனம். தட்டு சில்வரானால் விஞ்ஞானம், நாரானால் சாதி. எங்கட அண்ணன்மாரில் எங்களுக்குக் கோபமில்லை. அவர்களுக்குக் கிடைக்கிற மரியாதை பன்னாடை பிடித்த கைக்கும் கிடைக்க வேணும் என்று கேட்கிறோம்.

“குடி குடியைக் கெடுக்கும்”

இந்த இடத்தில் எங்களை நோக்கி வருகிற மிகப் பலமான கேள்விக்குப் பதில் சொல்லாமல் போக முடியாது. போருக்குப் பிறகு வடக்கு கிழக்கில் குடி எத்தனை வீடுகளை அழித்திருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். அடி வாங்கின அம்மாக்களின் பிள்ளைகள் எங்களுக்குள்ளும் இருக்கினம். ஊரில் கசிப்புக்கு எதிராகப் பெண்கள் தெருவில் இறங்கினால் நாங்கள் அவர்கள் பக்கம்தான் நிற்போம். குடிக்கச் சொல்லி இந்தக் கட்டுரையில் ஒரு வரியும் இல்லை. எங்களில் பாதிப்பேர் குடிப்பதே இல்லை.

ஆனால் இந்த வேதனையைக் காட்டி 1912ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காப்பாற்றுகிறவர்களிடம் சில கேள்விகள் இருக்கு. அந்தச் சட்டம் இந்த வீடுகளைக் காப்பாற்றியதா? அனுமதிப்பத்திரம் உள்ள மதுக்கடைகள் ஊருக்குள் வரும்போது அது தடுத்ததா? மதுவரி அரசாங்கத்தின் பெரிய வருமானங்களில் ஒன்று. குடியால் வருமானம் தேடுகிற அரசு, குடியிலிருந்து எங்களைக் காப்பாற்றுகிறேன் என்று சொன்னால் நம்புகிறவர் நம்பட்டும்.

பெண்களின் பெயரால் பேசுகிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேணும். 1979 வர்த்தமானி பெண்களுக்கு மதுபானம் விற்பதையே தடை செய்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் அந்தத் தடையை நீக்கினார். சில நாட்களுக்குள்ளேயே ஜனாதிபதி அதைத் திருப்பிப் போடச் சொன்னார். குடித்துவிட்டு அடிக்கிற ஆணுக்கு ஒரு தடையும் இல்லை, அடிவாங்குகிற பெண்ணுக்கு வாங்கத் தடை. இதுதான் எங்கட மதுச்சட்டங்களின் ஒழுக்கம்.

கசிப்பைப் பற்றியும் தெளிவாகச் சொல்லவேணும். நொதிக்க வைப்பதும் வடிசாராயம் வடிப்பதும் இரண்டு வேறு வேலைகள். நொதித்த பார்லிச் சாறோ கள்ளோ பியரளவு மதுசாரத்தோடு நின்றுவிடும். நஞ்சேறிச் சனம் சாவது பெரும்பாலும் வடித்ததில் மெதனோல் போன்றவற்றைக் கலப்பதால். பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் வீட்டில் பியர் காய்ச்சலாம், வீட்டில் சாராயம் வடிக்க முடியாது. அந்தக் கோட்டை அவர்கள் தெளிவாகப் போட்டார்கள். எங்கட சட்டத்தில் இரண்டும் ஒரே குற்றப் பட்டியலில் கிடப்பதால் நட்டப்படுகிறது யார்? கள்ளில் கொஞ்சம் சம்பாதித்து வாழக்கூடிய ஏழை. லாபப்படுகிறது யார்? கசிப்புக் காய்ச்சுகிற முதலாளியும் போத்தலில் அடைத்து விற்கிற கொம்பனியும்.

இதற்குள் இன்னொரு கதையும் இருக்கு. தன் கையால் ஒன்றைச் செய்கிறவன் அதில் செலவழிகிற நேரத்தை அறிவான். ஐந்து மணித்தியாலம் நின்று, உமிப்படுக்கை இறுகாமல் வால்வை மெல்லத் திறந்து, கிழமைக்கணக்கில் காத்திருந்து எடுக்கிற பியரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு விழுகிறவர்கள் இல்லாமல் இல்லை. ஆனாலும் செய்கிறவருக்கும் பொருளுக்கும் நடுவில் ஒரு பொறுமை வந்து நிற்கிறது. கடைப் போத்தலுக்கும் கசிப்புக் கானுக்கும் நடுவில் நிற்கிற ஒருவருக்கு அந்தப் பொறுமையைப் பழக இடமே கொடுக்கப்படவில்லை.

என்ன கேட்கிறோம்?

சட்டத்தை மீறச் சொல்லி யாரையும் கேட்கவில்லை. இண்டைக்கு இலங்கையில் யாராவது இதைச் செய்தால் மதுவரித் திணைக்களம் பிடிப்பது ஏழையைத்தான், எழுதின எங்களை இல்லை. ஆகவே பொறுப்போடு கேட்கிறோம்.

முதலாவது, மதுவரிக் கட்டளைச் சட்டத்தில் வடிப்பதையும் நொதிக்க வைப்பதையும் பிரியுங்கோ. வீட்டுப் பாவனைக்கு ஓர் அளவு வைத்து, விற்பனை இல்லாத நொதித்தலைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுங்கோ. அளவு எவ்வளவு என்பதைப் பேசித் தீர்க்கலாம்.

இரண்டாவது, கள்ளிறக்குகிற தொழிலாளர்களின் கூட்டுறவுகளுக்குத் தங்கள் பொருளைத் தாங்களே சுத்தமாக வடித்து, போத்தலில் அடைத்து, தங்கள் பெயரில் விற்க இலகுவான வழி வேணும். நடுவில் நிற்கிறவருக்குப் பங்கு கொடுக்கிற அனுமதிப்பத்திர முறை அவர்களுக்குத் தேவையில்லை.

மூன்றாவது எங்கட வேலை. தமிழில் கைவேலை அறிவை எழுத வேணும். கவிதைக்கும் சினிமாவுக்கும் விமர்சனம் எழுதுகிற எங்கட தலைமுறைக்கு ஒரு வால்வை எப்படிப் பூட்டுகிறது என்று பத்து வரி எழுத வெட்கமாக இருக்கு. மரமேறின தாத்தா ஒருவர் உங்கட ஊரில் இன்னும் இருந்தால் அவரிடம் போய்க் கேளுங்கோ, பதிவு செய்யுங்கோ. அவரை ஒரு ‘நாட்டார் வழக்காற்றுத் தகவலாளி’யாக அல்ல, ஆசிரியராக இருத்திக் கேளுங்கோ. அவர் சொல்கிறதை அவருடைய பெயரில் போடச் சம்மதமா என்றும் கேளுங்கோ. இதுவரைக்கும் அவரிடம் யாரும் அதைக் கேட்டதில்லை.

கடைசியாக ஒரு சின்ன வேண்டுகோள். யாரையாவது ஏச வேணும் என்றால் வேறு சொல் பாருங்கோ. பன்னாடையை விடுங்கோ, அது வேலை செய்கிற சாமான்.